பத்தில் தெரியும் விளக்கு

எந்த மென்பொருளை எடுத்துக்கொண்டாலும் அதை வாங்கியவர்களுக்கு ஆயிரம் குறை இருக்கும். ‘வெள்ளோட்டம்’ வாங்கியவர்களுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. படம் மங்கலாகத் தெரிகிறது.

வெள்ளோட்டம் என்பது மேடை விளக்குக்காரர்களுக்கான மென்பொருள். ஒத்திகைக்கு அரங்கு கிடைப்பது குதிரைக்கொம்பாகிப் போன காலம் அது. நாடகமோ, நடனமோ, கல்லூரி விழாவோ, மூக்கில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், முழு மேடையும் எதிரே வந்து நிற்கும். எந்த விளக்கு எங்கே, என்ன நிறம், பின்சுவரில் ஓடும் படம் எவ்வளவு பிரகாசம் என்று எல்லாவற்றையும் எண்களாகக் குறித்துக் கொடுத்தால் நிஜ மேடை அந்த எண்களின்படி எரியும். தேருக்கு வெள்ளோட்டம் விடுவதில்லையா, அந்த மாதிரி. பெயர் வைத்தவர் முதலாளி நல்லசிவம். கோயம்புத்தூரில் முப்பது வருடம் திருவிழாவுக்கும் நாடகத்துக்கும் விளக்கு கட்டிய மனிதர். அறுபது வயதிலும் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பார். “என்ன இது, இருட்டுக் கெடங்காட்ட இருக்குது” என்பார். லைட்காரனுக்கு எந்த வெளிச்சமும் பத்தாது என்று அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொள்வார்கள்.

மென்பொருளில் தொல்லை கொடுப்பது பின்சுவர். அதில் ஓடும் படத்தின் பிரகாசம் கொஞ்சம் கூடினால் முன்னால் நிற்கும் நடிகரின் முகம் கரியாகிவிடும். கொஞ்சம் குறைந்தால் சுவரே காணாமல் போகும். ஒவ்வொருவர் கண்ணாடியும் ஒவ்வொரு மாதிரி, ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஆகவே எல்லோரும் போன் செய்தார்கள். “பிரைட்னஸைக் கொஞ்சம் ஏத்திப் பாருங்க” என்று பதில் சொல்லிச் சொல்லியே நான்கு பேர் வேலையை விட்டுப் போனார்கள்.

அதற்கு முடிவு கட்டியவள் தமயந்தி. முப்பத்தெட்டு வயது, நிறுவனத்தின் தலைமை நிரலர், பொறுமை கிடையாது. படத்தைப் பார்க்கும்போது கண்பாவை எவ்வளவு விரிகிறது, பார்வை எங்கே தட்டுத் தடுமாறுகிறது என்று கண்ணாடியே அளந்து, பார்ப்பவருக்கு ஏற்றபடி மாயச் சுவரின் பிரகாசத்தைச் சத்தமில்லாமல் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்படி எழுதினாள். கண்பொருத்தம் என்று பெயர். கல்யாணப் பொருத்தத்தை விட நன்றாக வேலை செய்தது. மூன்றே மாதத்தில் மங்கல் புகார் அடியோடு நின்றுபோனது. நல்லசிவம் அவளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார். அந்தப் பொன்னாடை இன்னும் அவள் மேசை இழுப்பறையில் பிரிக்காமல் கிடக்கிறது.

அது நடந்து மூன்று வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மதுரையிலிருந்து ஜெசிந்தா போன் செய்தாள்.

ஜெசிந்தா என்றால் விளக்குத் தொழிலில் பாண்டி நாடு முழுக்கத் தெரியும். இருபது வருட அனுபவம். அவள் ஒளியமைத்தால் தகரக் கொட்டகையும் அரண்மனையாகும் என்பார்கள். உதவிக்கு இருப்பவர்களிடம் பேசமாட்டேன், நேரே தமயந்தியைக் கூப்பிடு என்று சண்டை போட்டு இணைப்பு வாங்கியிருந்தாள்.

“ஏம்மா, உங்க சாமான் பொய் சொல்லுது.”

“என்னக்கா ஆச்சு?”

“மீனவர் நாடகம் ஒண்ணு. பின்னாடி சுவர் பூராம் கடல். ராத்திரிக் கடல். உங்க கண்ணாடியில பாத்து முப்பதுல வச்சேன். அம்புட்டு அழகா இருந்துச்சு. ஹாலுக்குப் போனா கடலைக் காணோம். ஒரே கறுப்பு. எழுபத்தஞ்சுக்கு ஏத்துனேன். டைரக்டர் குதிக்கிறாரு, கண்ணு கூசுது, நடிகரு மூஞ்சி தோல்பாவை மாதிரி இருக்குங்கறாரு. ரெண்டு நாடகம் கையை விட்டுப் போச்சு. மூணு மாசம் கழிச்சுத் திருச்சியில பெரிய மேடை. அதுவும் போச்சுன்னா என்னைய எவனும் கூப்பிட மாட்டான்.”

“கை வெச்சுப் பாத்தீங்களா?”

கை வைத்துப் பார்ப்பது என்பது விளக்குக்காரர்களின் பழக்கம். எத்தனை கருவி வந்தாலும் உள்ளங்கையை வெளிச்சத்தில் நீட்டி, ரேகை தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் நம்புவார்கள்.

“வச்சேன். ரேகை தெரியல. கையே சரியாத் தெரியல. பக்கத்துல நின்ன ஆளு எல்லாம் தெளிவாத் தெரியுதுங்கறான். கிறுக்குப் பய.”

தமயந்திக்கு முதலில் கோபம் தன் மேல்தான் வந்தது. எங்கோ ஒரு வரியைத் தப்பாக எழுதியிருக்கிறோம் என்று ஜெசிந்தாவிடம் அனுமதி வாங்கி அவள் கணக்கைத் திறந்து பார்த்தாள். கண்பொருத்தம் ஒன்றில் தொடங்கியிருந்தது. ஒன்று என்றால் உள்ளது உள்ளபடி. அடுத்த மாதம் ஒன்று புள்ளி ஒன்று. அதற்கடுத்து ஒன்று புள்ளி இரண்டு. பதினான்கு மாதத்தில் இரண்டு புள்ளி நான்கு. ஒரு மாதம்கூடத் திரும்பி இறங்கவில்லை. ஜெசிந்தா பார்த்த கடல், இருக்க வேண்டியதைவிட இரண்டரை மடங்கு பிரகாசமான கடல். நிரலை இரண்டு நாள் கிண்டினாள். நிரலில் பிழை இல்லை. பிழை இருந்திருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஏங்கினாள்.

சாயிபாபா காலனியில் அவளுடன் பள்ளிக்கூடத்தில் படித்த ஷமீமா கண் மருத்துவராக இருந்தாள். யாருடையது என்று சொல்லாமல், மாதாமாதம் ஏறிய அந்த எண்களை ஒரு வரைபடக் கோடாக அவளிடம் காட்டினாள்.

ஷமீமா அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். “இது யாருடீ?”

“யாரோ. என்னன்னு சொல்லு.”

“விழித்திரை கொஞ்சங் கொஞ்சமாச் சாகுது. வலிக்காது, சிவக்காது. விட்டுப்போன இடத்தையெல்லாம் மூளையே ஒட்டுப் போட்டு நிரப்பிக்கும். அதனால ஆளுக்கே தெரியாது. இப்போ ஊசி வந்திருக்கு. போனது வராது. ஆனா இருக்கறது அப்படியே நிக்கும். சீக்கிரமா வரணும், அவ்வளவுதான்.”

“எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“நாங்க எங்க கண்டுபிடிக்கறது? அவங்களே வந்து சொல்லுவாங்க. ‘டாக்டர், எல்லாம் மங்கலாத் தெரியுது’ன்னு. அதுதான் முதல் அறிகுறி. அதைச் சொல்லாம விட்டாத்தான் ஆபத்து. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க?”

தமயந்தி வண்டியை எடுக்காமல் மருத்துவமனை வாசலிலேயே நின்றாள். மங்கலாகத் தெரிகிறது என்ற அந்த ஒரு புகாரை ஒழித்ததற்குத்தான் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து எல்லாக் கணக்குகளையும் அலசினாள். கண் அளவுகள் பெயரில்லாமல் வெறும் எண்ணாகத்தான் சேமிக்கப்பட்டிருந்தன. வாடிக்கையாளருக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஜெசிந்தா தானாக வந்து கணக்கைத் திறக்க விட்டதால்தான் அவளுடையது தெரிந்தது. நாற்பத்தோராயிரம் பேரில் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அதே கோடு, அதே ஏற்றம். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் அந்த நிமிடம் எங்கோ நல்ல வெளிச்சத்தில் சந்தோஷமாக மேடை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நல்லசிவத்தின் அறைக்குப் போனாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

“அம்மிணி, நாம என்ன ஆஸ்பத்திரியா நடத்தறோம்?”

“கண்பொருத்தத்த எடுத்துரலாமுங்கண்ணா. பழையபடி மங்கலாத் தெரியட்டும். தெரிஞ்சாத்தான டாக்டர்கிட்டப் போவாங்க.”

“எடுத்தா? மக்யா நாள் விடிஞ்சதுமே நாப்பதாயிரம் பேரும் போன் பண்ணுவான். எதுக்குனு கேப்பான். நீயே சொல்லு, என்ன சொல்றது? ‘உன்ர கண்ணு கெட்டது எங்களுக்கு ஒரு வருஷமாத் தெரியும், சொல்லாம மறைச்சு வெச்சிருந்தோம்’னா? கோர்ட்டுக்கு இழுத்துருவாங்க. அறுபது குடும்பம் இங்க இருக்குது.”

“நூத்திப் பன்னண்டு கண்ணு போகுதுங்கண்ணா.”

“ரெண்டு ரெண்டா எண்ணு, இருநூத்தி இருபத்தி நாலு” என்றார் அவர். கிண்டலாகச் சொல்ல நினைத்தது, பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. “எனக்குப் புரியாமயில்ல அம்மிணி. ஆனா இதை நாம தொட முடியாது. வக்கீலக் கேட்டுட்டுப் பாக்கலாம். கொஞ்ச நாள் போகட்டும்.” எழுந்தவர் இடது கைப்பக்கம் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டார். காப்பி மேசை முழுக்க ஓடியது. “இந்த ரூம்புல ஒரு நல்ல பல்பு போடுங்கடான்னு எத்தன தடவ சொல்றது!” என்று வெளியே பார்த்துக் கத்தினார்.

கொஞ்ச நாள் போகட்டும் என்பதைத் தவிர வேறு எதை அவர் சொல்லியிருந்தாலும் தமயந்தி ஒருவேளை அடங்கியிருப்பாள்.

மறுநாள் அவளே ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். வேலை ஒப்பந்தப்படி செய்யக்கூடாத காரியம். தெரிந்தே செய்தாள்.

“அக்கா, கண்ணாடியப் போட்டுக்குங்க. அந்தக் கடலத் திறங்க. முப்பதுலயே இருக்கட்டும்.”

“இந்தா, திறந்துட்டேன். அலை நல்லாத்தான் வருது.”

“இப்போ ஒண்ணு பண்றேன். பயப்படாதீங்க.” கண்பொருத்தத்தை அணைத்தாள்.

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது.

“கடலு எங்க போச்சு?” என்றாள் ஜெசிந்தா.

“அங்கேதான் இருக்குதுங்கக்கா. நானும் அதையேதான் பாத்துட்டிருக்கேன். எனக்கு அலை தெரியுது.”

“வெளையாடாத தாயி.”

“சத்தியமாக்கா.”

“என் கண்ணையா குத்தம் சொல்ற? என் கண்ணை வச்சுத்தான்டி நான் சோறு திங்கிறேன்!”  பிறகு நீளமாக ஒரு மூச்சு. “எம்புட்டு நாளா?”

“பதினாலு மாசமா. டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன்கா. ஊசி இருக்குது. சீக்கிரம் போனா மிச்சம் இருக்கறதக் காப்பாத்திரலாம்.”

“எனக்குத் தெரியாம என் கண்ணாடிக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. அதை எழுதுனது யாரு?”

“நான்தாங்கக்கா.”

இணைப்பு அறுந்தது. தமயந்தி போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நிரலை மாற்ற நான்கு நாள் போதுமாக இருந்தது. கண்பொருத்தம் இனி ஒன்றைத் தாண்டாது. மங்கலாகத் தெரிந்தால் பார்ப்பவரே கையால் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றும்போது அடியில் ஒரு வரி வரும்: “படத்தின் பிரகாசம் சரியாகவே இருக்கிறது. மங்கலாகத் தெரிந்தால் ஒருமுறை கண் மருத்துவரைப் பாருங்கள்.” நல்லசிவத்திடம் சொல்லவில்லை. அடுத்த பதிப்போடு சேர்த்து அனுப்பிவிட்டு, அன்றைக்கே அவர் மேசையில் ராஜினாமாக் கடிதத்தை வைப்பதாகத் திட்டம். கடிதமும் பையில் தயாராக இருந்தது.

ஒரு பதிப்பு வெளியே போவதற்கு முன் அந்த அலுவலகத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. எல்லோரும் பெரிய அறையில் கூடுவார்கள். வெறும் மாய மேடை, பின்சுவரில் ஒரே ஒரு குத்துவிளக்கின் படம். அதன் பிரகாசம் பத்து. நல்லசிவம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். பத்திலும் சுடர் தெரிந்தால் பதிப்பு சரி. “வெளக்குத் தெரியுது, உடு” என்பார். எலுமிச்சம்பழத்தை யாராவது கணினிக்குத் திருஷ்டி சுற்றுவார்கள், பதிப்பு உலகத்துக்குப் போகும், கேசரி வரும். பன்னிரண்டு வருடமாக இதில் மாற்றமில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. எலுமிச்சம்பழம் தயார். கேசரி வாசனை வந்துவிட்டது. தமயந்தி கடைசி வரிசையில், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நல்லசிவம் கண்ணாடியை மாட்டினார். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“படத்தப் போடுங்கப்பா.”

“போட்டாச்சுங்கண்ணா.”

“வெளக்கு வரலியே.”

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் விளையாடுகிறார் என்று நினைத்தார்கள். சோதனைப் பிரிவைக் கவனிக்கும் மாரப்பன் தன் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத் தெரியுதுங்களே” என்றான். அடுத்தவரும் பார்த்தார். தெரிந்தது. இன்னொருத்தியும் பார்த்தாள். “சுடர் கூட ஆடுதுங்கண்ணா” என்றாள்.

“எனக்கு ஒண்ணுமே தெரியலியே. வெர்ஷன் கெட்டுப்போச்சா? தமயந்தி! என்ன பண்ணி வெச்சிருக்கற…”

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. தமயந்தி எழுந்து நின்றிருந்தாள். அவள் முகத்தைக் கண்ணாடி வழியே அவர் பார்த்தாரா என்பது தெரியாது. ஆனால் போன வாரம் தன் அறையில் கேட்டதெல்லாம் அவருக்கு நினைவு வந்துவிட்டது என்பது அறையில் இருந்த வேறு யாருக்கும் புரியாமல் அவளுக்கு மட்டும் புரிந்தது. பல்பு மாற்றச் சொன்னதும், டம்ளர் கவிழ்ந்ததும், இருட்டுக் கிடங்கு என்று ஒவ்வொரு அறையையும் திட்டியதும் ஒவ்வொன்றாக அவள் நெஞ்சில் வந்து விழுந்தன. மனிதருக்கு வெளிச்சம் பத்தாமல்தான் இருந்திருக்கிறது. எல்லோரும் சிரித்திருக்கிறோம்.

நல்லசிவம் வலது கையை முகத்துக்கு நேரே நீட்டினார். மாய மேடையின் அந்தப் பத்து வெளிச்சத்தில் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கேசரித் தட்டோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“எத்தன பேருன்ன அம்மிணி?”

“நூத்திப் பன்னண்டுங்கண்ணா.”

“அதுல நான் ஒருத்தனாக்கும்.”

அவள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். அழுகை வந்துகொண்டிருந்தது.

“ஊசி இருக்குதுன்னயே, நெசந்தான?”

“நெசந்தாங்கண்ணா. இன்னிக்கே போலாம். ஷமீமாகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.  

“பொறவு என்ன பாத்துட்டு நிக்கறீங்க? எலுமிச்சம்பழத்தச் சுத்துங்க. உடு.”

“அண்ணா, வக்கீல்…” என்றான், வக்கீலைப் பார்க்க நேரம் வாங்கி வைத்திருந்த மாரப்பன்.

“வக்கீலு கண்ணு நல்லாத்தான இருக்குது? உடச் சொன்னேன்ல.”

பதிப்பு போனது. கேசரியை அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பையிலிருந்த ராஜினாமாக் கடிதத்தைத் தமயந்தி மருத்துவமனைப் பதிவு மேசையில் கிறுக்கிப் பார்க்கக் கொடுத்துவிட்டாள். அங்கே பேனா எழுதுகிறதா என்று பார்க்க ஒரு காகிதம் வேண்டியிருந்தது.

நல்லசிவம் சொன்னது போலவே புகார்கள் மழையாகக் கொட்டின. புதிதாக நான்கு பேரை வேலைக்கு வைத்தார்கள். வழக்கும் வந்தது, இரண்டு. நல்லசிவம் இரண்டுக்கும் தானே போய், என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொன்னார். ஒன்றில் எதிராளி சமாதானமாகப் போனார். இன்னொன்று நடக்கிறது. புகார்ப் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதுவரை கண்ணாடி, கணினி, இணைப்பு, பயனர் தவறு என்று நான்குதான் இருந்தன. ஐந்தாவதாகக் கண் என்று சேர்த்தார்கள். முதல் ஆறு வாரத்தில் அந்தக் கட்டத்தில் எண்பத்தேழு பேர் சேர்ந்தார்கள். மிச்சப் பேரும் வருவார்கள் என்று தமயந்தி தினமும் காலையில் முதல் வேலையாக அதைத்தான் திறந்து பார்த்தாள்.

ஜெசிந்தாவிடமிருந்து மட்டும் பேச்சே இல்லை. ஒருநாள் சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது. திருச்சி நாடகத்துக்கு இரண்டு இருக்கை. ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை.

தமயந்தி நல்லசிவத்தைக் கூட்டிக்கொண்டு போனாள். அவருக்குக் கடைசி ஊசி போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. படி ஏறும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்கும் ஒரு கௌரவம் வைத்துக்கொண்டு, “கூட்டமா இருக்குது, நீ தொலைஞ்சு போயிருவ” என்றார்.

நாடகம் தொடங்குவதற்கு முன் ஜெசிந்தா அவர்கள் வரிசைக்கே வந்தாள். மெலிந்திருந்தாள். தமயந்தியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அன்னைக்கு உன்னைய அடிச்சே கொன்னிருப்பேன்.”

“தெரியுங்கக்கா.”

“மூணு ஊசி போட்டாச்சு. டாக்டரு சொல்லிட்டாங்க, இனிமே குறையாதாம். இருக்கறது இருக்கும்.” சொல்லிவிட்டுத் தமயந்தியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினாள். “கடலை முப்பதுலதான் வச்சிருக்கேன். என் கண்ணுக்குக் கடல் தெரியாது. ஆனா முப்பதுதான் சரின்னு எனக்குத் தெரியும். இருபது வருசம் பாத்த கண்ணு சொல்லுது, நேத்துக் கெட்டுப்போன கண்ணு சொல்றதக் கேக்கப் போறதில்ல.”

விளக்குகள் அணைந்தன. பின்சுவரில் ராத்திரிக் கடல் மெல்ல எழுந்தது. படகோரம் நின்ற நடிகையின் முகம் பளிச்சென்று துலங்க, அவள் பின்னால் அலை வந்து வந்து போனது. முகமும் தெரிந்தது, கடலும் தெரிந்தது. முன்வரிசையில் யாரோ ‘அடடா’ என்றார்கள். பிறகு கைதட்டல் கிளம்பி, அரங்கு முழுக்கப் பரவியது. பக்கவாட்டுத் திரையோரம் நின்ற ஜெசிந்தா மேடையைப் பார்க்கவில்லை. ஜனங்கள் பக்கம் திரும்பி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நல்லசிவம் தமயந்தியின் காதருகே குனிந்தார்.

“கடல் வந்துருச்சா?”

“வந்துருச்சுங்கண்ணா.”

“எப்படி இருக்குது?”

“கறுப்புத் தண்ணி. மேல வெள்ளி மாதிரிக் கோடு கோடா அலை. தூரத்துல ஒரு படகு வெளக்கு.”

அவர் கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அந்தப் படகு வெளக்கு தெரியுது அம்மிணி. சின்னதா, மஞ்சளா. அது தெரியுது.” பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “ஆனாலும் ஒரு நாப்பது வெச்சிருக்கலாம்.”

தமயந்தி இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். லைட்காரனுக்கு எந்த வெளிச்சமும் பத்தாது.